தோர்த்தில் கட்டிய பெயர்கள்

கால் விரல்களில் தொடங்கி மண்டையோட்டில் முடிப்பதுதான் அழகரின் வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்ன எலும்புகளைச் சல்லடையில் போட்டு அலசி, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெயில் விழும் சிமென்ட் மேடையில் வரிசையாக வைக்கிறார். பாதம், முழங்கால், இடுப்பு, விலா என்று வரிசை மேலே ஏறுகிறது. ஓர் ஆள் மல்லாந்து படுத்திருக்கும் வடிவம் வந்ததும் எழுந்து நின்று பார்க்கிறார். எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியான பிறகுதான் பீடி பற்றவைக்கிறார்.

மட்டாஞ்சேரியில் கிடங்குத் தெருக்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளியின் கல்லறைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் குழி வெட்டுகிறார். தேவாலயத்தை இங்கே பள்ளி என்பார்கள். இடம் கொஞ்சம், சாகிறவர்கள் அதிகம். அதனால் ஒரு குழி ஒருவருக்கு ஐந்து வருடம்தான். குடும்பக் கல்லறை கட்ட முடியாதவர்களின் எலும்புகளை ஐந்தாம் வருடம், மழை தொடங்குமுன் எடுத்து, மூலையில் கிணறு போலிருக்கும் அஸ்திக்குழியில் போட்டுவிட்டு, காலியான குழியை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். அழகருக்கு முன்னால் இருந்தவர்கள் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். அழகர் கொட்டுவதில்லை. குளித்துத் துவட்டும் தோர்த்தை பிராட்வே சந்தையில் டஜனாக வாங்கி வந்து, ஓர் ஆளின் எலும்புகளை ஒரு தோர்த்தில் கட்டி, முடிச்சில் பெயர்த் துணி ஒன்றைக் கோத்து, கயிற்றில் மெல்ல இறக்குகிறார். உலகின் கடைசி நாளில் உயிரோடு எழுந்திருக்கிறவர்கள் ஒருவர் எலும்பை ஒருவர் மாற்றி எடுத்துக்கொண்டு தடுமாறக் கூடாது என்பது அவர் கவலை.

துணியில் பெயர் எழுதித் தருவது, பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும், அவர் மகள் வயதுள்ள நான். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், மலையாளம் வராது. ஆனால் இரண்டிலும் எழுதச் சொல்வார். ஒன்று போதாதா என்று கேட்டேன். "அன்னைக்கு விளிக்கிறவரு எந்த பாஷைக்காரரோ, நமக்கென்ன அறியும் மோளே?" என்றார். சிரிக்கவில்லை.

மண்ணில் மக்காத எதன்மேலும் அவருக்குக் கோபம் வரும். பாலியஸ்டர் சேலை, நைலான் சாக்ஸ், பிளாஸ்டிக் ஜெபமாலை எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே பிரித்தெடுப்பார். பல்செட்டை மட்டும் எறிய மாட்டார். அதையும் எலும்போடு சேர்த்துக் கட்டுவார். வாசலுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் ஷிஹாப், அன்றைக்குப் புதுப் பல் முளைக்காதா சேட்டா, பொய்ப் பல் எதற்கு என்று சீண்டினார். "மொளச்சா தூக்கிப் போடட்டு. மொளைக்கலன்னா நீ குடுப்பியா?" என்று கேட்டு சாயாவை ஆற்றினார் அழகர்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சுக்குக் கிடங்கில் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஜெசீந்தாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்றார். அன்று கொடுத்த பெயர் பதிவேட்டோடு நின்றுவிட்டது. செத்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்பதை நம்புகிறாயா என்று அன்றைய பாதிரியார் கேட்டாராம். பிறவியிலேயே கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதிலை, அழகர் சற்று நேரம் நின்று யோசித்துச் சொல்லியிருக்கிறார். "நம்புறேன்னு வாக்குக் குடுத்தாச்சு. பெறவு கூடையில அள்ளிக் கொட்டுனா அது என்ன வாக்கு?" என்பார் இப்போது.

இப்போதைய பாதிரியார் ஜெய்மோன் அச்சன், வெளிநாட்டில் வேதம் படித்துத் திரும்பியவர். இளையவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் பிரசங்கத்தில் அற்புதங்கள் எல்லாம் அர்த்தங்களாக மாறிவிடும். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் போதியது, மடியில் ஒளித்து வைத்திருந்ததை எல்லோரும் வெளியே எடுத்ததால். லாசரு என்பவன் நம்பிக்கை செத்துப்போன மனிதன். இந்த ஈஸ்டருக்கு, கல்லறை வாசலிலிருந்து புரண்ட கல் நம் மனத்தை அடைத்திருக்கும் கல் என்றார். கடைசி வரிசையில் நின்று கேட்ட அழகர் வெளியே வந்ததும், "மனசுக் கல்லுக்கு ஒராளு போதும். இங்க ஸ்லாபு தூக்க நாலாளு வேணும், மூணு பேருதான் வாரானுங்க" என்றார்.

துணி மூட்டைகளால் அஸ்திக்குழி சீக்கிரம் நிறைகிறது, இனி மூட்டை வேண்டாம் என்று பள்ளிக் கமிட்டி முடிவு செய்தது. அதைச் சொல்ல அச்சனே வந்தார். கடலில் போனவர்களுக்கு எலும்பே இல்லை, அவர்களைத் தெய்வம் விட்டுவிடுமா, உயிர்ப்பு என்பது எலும்புகள் கூடுவதல்ல என்று பொறுமையாக விளக்கினார். அழகர் பிரஷ்ஷை உதறினார்.

"அப்ப, எந்திரிச்சு வந்தவரு கையில ஆணித்தடம் எதுக்கு அச்சா? புது மேனியின்னா அது இல்லாமல்ல வரணும்? தொட்டுப் பாக்கச் சொன்னாருல்ல."

அச்சன் அதற்கும் பொருள் சொன்னார். அழகர் பிரஷ்ஷை மறுபடி தண்ணீரில் நனைத்தார். அடுத்துத் திறக்க வேண்டிய வரிசையில் ஜெசீந்தாவின் குழி இருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

ஜெசீந்தா கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்தார். அப்போது அழகரும் காய்ச்சலோடு வீட்டில் அடைபட்டிருந்தார். ஊருக்கெல்லாம் குழி வெட்டியவர் மனைவியின் அடக்கத்தைப் போனில் பார்த்தார். ஜிப் போட்ட ஒரு பை, கவச உடையில் நான்கு தொண்டர்கள். முகம் யாருக்கும் காட்டவில்லை. மனைவியைத் தன் கையால் தொட அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த ஐந்தாம் வருடம் மட்டும்தான். அடையாளமும் வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் படகுத்துறையில் வழுக்கி விழுந்து ஜெசீந்தாவின் இடது முன்கை ஒடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பயந்து நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டதில் எலும்பு முடிச்சுப் போலப் புடைத்துக் கூடிவிட்டது. எல்லாரும் மொத்தமாக எழுந்திருக்கிற அன்று இதைத் தடவிப் பார்த்து என்னைக் கண்டுபிடி, வேற எவளையாவது கூட்டிக்கொண்டு போய்விடாதே என்று ஜெசீந்தா கேலி செய்வாராம்.

மே இரண்டாம் வாரம் குழியைத் திறந்தார். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அச்சன் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. பெயர்த் துணியை முந்தின நாளே என்னிடம் எழுதி வாங்கியிருந்தார். பை இரண்டு இடத்தில் பிய்ந்து, உப்புத் தண்ணீர் உள்ளே போய் வேலையை முடித்திருந்தது. அன்று மட்டும் அவர் கால் விரல்களில் தொடங்கவில்லை. இடது முன்கையை எடுத்துக் கழுவினார். பிறகு வலது முன்கையை எடுத்தார். இரண்டிலும் புடைப்பு இல்லை. இன்னொரு இடது கை கிடைக்கும் என்பது போல மறுபடியும் சேற்றில் துழாவினார். தொடையெலும்புதான் வந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்கு எஃகுத் தகடும் ஆறு திருகாணிகளும் இருந்தன.

"இது என் ஆளில்ல," என்றார். "அவளுக்கு ஊசின்னாலே பயம்."

எங்கோ ஒரு சவக்கிடங்கில் பைகள் மாறியிருக்கின்றன. ஐந்து வருடம் ஞாயிறு தவறாமல் அவர் மெழுகுவர்த்தி ஏற்றியது முகம் தெரியாத ஒருவருக்கு.

அச்சன் சேற்றிலேயே முழங்காலிட்டார். ஜெசீந்தா எங்கே புதைந்திருந்தாலும், சாம்பலாகவே போயிருந்தாலும், தெய்வத்திடம்தான் இருக்கிறார் என்றார். பிரசங்கத்தில் கேட்கிற குரல் அல்ல அது, பாதியில் நின்று நின்று வந்தது. அழகர் முழுவதும் கேட்டார்.

"பரவாயில்ல அச்சா. உங்களுக்கு அவ மேல இருக்கா. எனக்கு எங்கயோ கெடக்கா."

பிறகு கால் விரல்களிலிருந்து தொடங்கி, வந்திருந்த ஆளை முழுதாகக் கழுவினார். தகட்டைத் தேய்த்தபோது ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் தெரிந்தது. என்னை வாசிக்கச் சொன்னார். பெயருக்குப் பதிலாக அந்த எண்ணைப் புதுத் துணியில் எழுதிக் கொடுத்தேன். ஜெசீந்தாவின் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

அந்த மூட்டை அஸ்திக்குழிக்குப் போகவில்லை. தேடி யாராவது வரக்கூடும் என்று மண்வெட்டிகள் வைக்கும் அறையின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். அச்சன் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, பை வந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மூட்டை வேண்டாம் என்ற முடிவைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

அந்த வரிசையில் இன்னும் ஏழு குழிகள் மிச்சமிருந்தன. எல்லாவற்றிலும் அதே மாதம் பையில் வந்தவர்கள்; மாறிப்போன பை இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். நேற்று நான்காவதைத் திறந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சேற்றிலிருந்து முதலில் இடது முன்கையை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினார். கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டைவிரலால் மெல்லத் தடவினார். ஒருமுறை தடவியது போதாமல் திரும்பவும் தடவினார். விரல் எங்கும் தடைபடவில்லை. பிறகு அதை மேடையில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு, கால் விரல்களைத் தேடிக் குனிந்தார்.