பிரதேச சபை மருமகன்

என் கணவரைத் தச்சனாக்கியது நான்தான். அவருக்கு ஓர் ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாது.

யுத்தம் முடிந்து சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம். மீள்குடியேற்ற வேலைகளுக்காகச் சிலாவத்துறையில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட எழுதுவினைஞர்களில் நானும் ஒருத்தி. தகரக் கொட்டகைக்குள் மேசை போட்டு, வருகிறவர்களிடம் என்ன தொழில், என்ன இழந்தீர்கள், என்ன மிச்சம் என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். மீனவர் என்றால் வள்ளம், வலை, இயந்திரம். விவசாயி என்றால் வயல், மாடு, கிணறு. இந்த ஆறு கட்டங்களுக்குள் மன்னார்ச் சனம் முழுவதும் அடங்கிவிடும் என்று கொழும்பில் யாரோ நம்பியிருந்தார்கள்.

ஒரு நாள் அரிப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் வந்தார். ஆள் வெயிலில் நன்றாகக் கறுத்து, தலைமயிர் மட்டும் உப்பில் செம்பட்டை பிடித்திருந்தது. வள்ளம் இல்லை, வலை இல்லை, இயந்திரமும் இல்லை என்றார். வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"பலகை ஒண்டு இருக்கு."

"என்ன பலகை?"

"அலையில ஏறி நிக்கிற பலகை."

அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பலகை என்றால் மரம், மரம் என்றால் தச்சு வேலை என்று முடிவு செய்து எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து வாழ்வாதார உதவி வந்தபோது அவருக்கு உளி, சீவுளி, சுத்தியல், மரம் அறுக்கும் வாள் எல்லாம் அடங்கிய பெட்டி ஒன்று கிடைத்தது. நேர்மையான மனிதர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். உதவி கொடுப்பதற்குப் படிவம் இருந்தது. திருப்பி வாங்குவதற்கு இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு கதிரை செய்து தருகிறேன் என்றார். செய்தும் கொண்டுவந்தார். அந்தக் கதிரையில் இருந்தால் உடம்பு தானாக இடது பக்கம் சரியும். அவர் வந்து நிற்பதும் இடது பக்கம்தான். மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

பலகை வந்த கதையைப் பிறகு சொன்னார். அரிப்பை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அவர் கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் ஓர் உறவினரிடம் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் பலகைகளைத் தூக்கிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. தூக்கியவர் ஏறி நிற்கவும் பழகிவிட்டார். போகும்போது யாரோ நுனி வெடித்த பலகை ஒன்றை விட்டுப் போக, சண்டை முடிந்ததும் அதைப் பேருந்தின் கூரையில் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அதில் துளை போட்டார்களாம். வெள்ளையாகத் தூள் வந்தது. ஒரு சிப்பாய் அதை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போகச் சொன்னார்.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பலகைக்கு அரிப்பில் அலை இல்லை. வருடத்தில் பாதி நாள் எங்கள் கடல் கோப்பையில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கொந்தளிக்கும், ஆனால் அது ஒழுங்குமுறையில்லாத குடிகாரக் கொந்தளிப்பு. இவர் பலகையில் போய் உட்கார்ந்து மணிக்கணக்காக அலைக்குக் காத்திருப்பார். கரைக்குத் திரும்பும் மீனவர்கள் இயந்திரம் பழுதோ என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஊரில் அவருக்குப் பலகைக்காரன் என்று பெயர் விழுந்தது.

நான் நறுவிலிக்குளத்துக்காரி. எங்களுக்கு வயலும் குளமும்தான் தெரியும். இவரைக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் அப்பா ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் காரணங்களைச் சொன்னார். வேதக்காரன், கோயிலை விட்டுச் சேர்ச்சுக்குப் போகிறவன் என்பது முதலாவது. கடற்கரை ஆள் என்பது இரண்டாவது. இவை இரண்டையும் காலப்போக்கில் சகித்திருப்பாரோ என்னவோ, மூன்றாவதுதான் அவரைக் கொன்றது. "கடற்கரையான் எண்டாலும் வள்ளம் வச்சிருக்கிறவனைப் பாத்திருக்கலாம். இவன் பலகையில இருக்கிறானாம்." நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். அண்ணனும் நிறுத்தினான், அவன் எதையும் அப்பாவைப் பார்த்துத்தான் செய்வான். அம்மா மட்டும் கைத்தொலைபேசியைக் கோழிக்கூட்டுப் பக்கம் கொண்டுபோய் நின்று என்னோடு கதைப்பா.

பாதை திறந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் பேருந்துகளில் சனம் வடக்கைப் பார்க்க வந்தது. அரிப்பில் மேட்டில் நிற்கும் பழைய இடிந்த மாளிகையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பிறகு கடலில் இறங்குவார்கள். அப்படி இறங்கிய இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பிரதேச சபைக்காரர் எச்சரிக்கைப் பலகை ஒன்றை நட்டார்கள். சோளகம் அதைக் கொண்டுபோனது. கடைசியில் ஓர் ஆளையே நடுவதென்று முடிவானது.

உயிர்காப்பாளர் வேலைக்கு ஊரில் யாரும் விண்ணப்பிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று சிரித்தார்கள். அதைவிட, பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. வள்ளம் இருக்கும்போது ஏன் நீந்த வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். என் கணவர் ஒரு மாதம் பயிற்சிக்குப் போய் வந்தார். சிவப்புச் சட்டை, விசில், பனங்குற்றிகளால் கட்டிய ஒரு பரண், எல்லாம் கிடைத்தன. நியமனக் கடிதத்தில் தற்காலிகத் தொழிலாளி என்று இருந்தது. உயிர்காப்பாளருக்கும் கட்டம் இல்லைப் போலும்.

வீரம் என்றால் பாய்வது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்த வேலை ஏச்சு வாங்குவதுதான். விசில் ஊதுவார், இறங்கியவர்கள் ஏசுவார்கள். சிங்களத்தில், தமிழில், சில வேளை எனக்கு விளங்காத பாஷைகளிலும். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைக்குப் புதிதாகக் கற்ற கெட்ட வார்த்தையை எனக்குச் சொல்லித்தருவார்.

ஆடி அமாவாசைக்கு நறுவிலிக்குளத்துச் சனம் வழக்கமாகப் பாலாவிக் குளத்தில்தான் தீர்த்தமாடும். எங்கள் மகளுக்கு இரண்டு வயது நடந்த வருடம், அப்பா கடலுக்குத்தான் போக வேண்டும் என்று நின்றார். கடலில் முழுகினால்தான் செத்தவர்களுக்குச் சேரும் என்றாராம். மன்னாரில் எத்தனை மைல் கடற்கரை இருக்கிறது. என் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற கரையில்தான் அவருக்குத் தீர்த்தம் கிடைத்தது. "பேத்தியைப் பாக்க வாறார். கேட்டா இல்லையெண்டுதான் சொல்லுவார், நீ ஒண்டும் கதையாதை" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டா.

உழவு இயந்திரத்தின் பெட்டியில் இருபது பேர் வந்து இறங்கினார்கள், ஐயர் உட்பட. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றேன். அப்பா எங்களைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார். தர்ப்பணம் முடிந்து எல்லாரும் முழுகப் போனார்கள்.

சோளகம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் கலங்கலாக, அமைதியாகக் கிடந்தது. குளத்தில் குளித்துப் பழகியவர்கள் அந்த இடத்தைத்தான் நல்ல இடம் என்று நினைப்பார்கள். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. என் கணவர் பரணில் நின்று விசிலை ஊதினார். ஊதுவது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் இரண்டடி போனார். அடுத்த விசிலுக்கு அவருடைய காலுக்குக் கீழே நிலம் இல்லை.

அப்பா நல்ல நீச்சல்காரர். கரையைப் பார்த்து நீந்தினார். நீந்த நீந்தப் பின்னால் போனார். அண்ணனுக்கு நீந்தத் தெரியாது. தெரியாது என்பது அந்த நேரம் அவனுக்கு நினைவில் இல்லை, அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினான். என் கணவர் பலகையோடு ஓடிவந்து, இடுப்பளவு தண்ணீரில் அவனைப் பிடித்தார். அண்ணன் திமிறினான். அவர் அவனுடைய கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டு, ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கோ என்று சித்தப்பாவிடம் தள்ளினார். பிறகு பலகையில் குப்புற விழுந்து கையால் வலித்துக்கொண்டு போனார்.

அப்பாவை அடைந்துவிட்டார், நாங்கள் பார்த்தோம். ஆனால் அவர் கரைக்குத் திரும்பவில்லை. பலகையும் இரண்டு தலைகளும் நேராக வெளியே, ஆழ்கடல் பக்கம் போயின. சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டு, பழைய கோபத்தை வைத்து மனுசனை நடுக்கடலுக்குக் கொண்டுபோகிறான் என்று அழத் தொடங்கினா. ஒரு கணம் நானும் அதை நம்பினேன். இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அங்கே நடந்ததை அவர் எனக்குப் பிறகு சொன்னார். அப்பா பலகையைத் தொட மறுத்திருக்கிறார். கரைக்கு நீந்தாதேங்கோ, இழுக்கிற பக்கம் விடுங்கோ என்று இவர் சொல்ல, மூச்சு வாங்க வாங்க அப்பா கேட்டாராம், எனக்குச் சொல்ல நீ ஆர் என்று.

"மாமா, இது மருமகன் சொல்லேல்ல. பிரதேச சபை சொல்லுது. பலகையில நெஞ்சை வையுங்கோ."

அப்பா அரசாங்கக் கடிதம் ஒவ்வொன்றையும் மடிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர். நெஞ்சை வைத்தார்.

இழுவை ஓய்ந்த இடத்தில் திரும்பி, காற்றோடு வடக்கே நகர்ந்தார்கள். நாங்கள் கரையோரமாக ஓடினோம். வெளியே மணல்திட்டில் அலைகள் உயர்ந்து உடைந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று ஒழுங்காக, நீளமாக எழும்பி வந்தது. அரிப்புக் கடலில் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல அலை. அதில் எழும்பி நிற்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முன்னால் அப்பா குப்புறக் கிடக்க, அவருடைய கால்களுக்கு மேல் இவர் கிடக்க, இரண்டு பேரும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே வந்து மணலில் ஏறினார்கள்.

அப்பாவுடைய வேட்டி கடலோடு போயிருந்தது. வலை இழுத்த பெண்கள் மரியாதையாக மறுபக்கம் திரும்பினார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா மருமகனிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை, "என்ரை வேட்டி எங்க?" என்பதுதான். என் கணவர் சிவப்புச் சட்டையைக் கழற்றி அவருடைய இடுப்பில் கட்டிவிட்டார். உயிர்காப்பாளர் என்று மூன்று மொழியிலும் எழுதிய இடம் பின்பக்கம் வந்தது. அப்படியே அரை மைல் நடந்து, அப்பா உறவுகளிடம் திரும்பி வந்தார். மிச்சப் பேர் வாளியில் கடல்நீரை அள்ளித் தலையில் ஊற்றித் தீர்த்தத்தை முடித்தார்கள். செல்லும் என்று ஐயர் உடனே சொல்லிவிட்டார்.

நான் கணவரைத் தேடிப் போனேன். பரணுக்குப் பின்னால் குந்தியிருந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பலகையை அப்பா தொடாமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அதை நினைத்துத்தான் வாந்தி வந்தது என்றார்.

அன்று அப்பா எங்கள் வீட்டுக்குள் வந்து, என் கணவருடைய சாரம் ஒன்றை உடுத்துக்கொண்டு, மகளை மடியில் வைத்துச் சோறு சாப்பிட்டார். சாரம் மாற்ற வந்ததாக மட்டும்தான் ஒத்துக்கொண்டார். இரண்டு கிழமைக்குள் நறுவிலிக்குளத்திலிருந்து கதை வந்தது. மருமகன் பலகையோடு இழுபட்டுப் போனதாகவும், தான் நீந்திப் போய்ப் பலகையைப் பிடித்து ஆளைக் கரை சேர்த்ததாகவும் அப்பா சந்தியில் நின்று சொல்கிறாராம். எனக்கு ஆத்திரம் வந்தது. என் கணவரோ சிரித்தார். அந்த வயதில் அந்த இழுவையில் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்த மனிதர், கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார்.

காப்பாற்றியதை இப்படி எல்லாரும் சுலபமாக மறந்தார்கள். அறைந்ததை யாரும் மறக்கவில்லை. ஊரே பார்க்கக் கைநீட்டிவிட்டான், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அண்ணன் நின்றான். அடுத்த வருடம் சித்தப்பா மகளின் கலியாணத்தில், பந்தியில் எல்லாரும் இருக்கும்போது அதைத் திரும்பவும் கிளப்பினான். கேட்டுவிடுங்கோ, ஒரு வார்த்தைதானே என்று நான் காதுக்குள் சொன்னேன். என் கணவர் எழுந்து நின்றார்.

"மச்சான், உங்களுக்கு நொந்ததுக்கு மன்னிப்புக் கேக்கிறன். அடிச்சதுக்குக் கேக்கமாட்டன். திரும்ப அப்பிடி ஓடி வந்தாலும் அடிப்பன்."

அண்ணன் இலையை விட்டு எழும்பப் பார்த்தான். பக்கத்தில் இருந்த அப்பா அவனுடைய கையைப் பிடித்து இருத்தினார்.

"இருந்து தின். அண்டைக்கு நீயும் வந்திருந்தா அந்தப் பலகை மூண்டு பேரைத் தாங்கியிராது. எனக்குத்தானே தெரியும் அது எப்பிடி ஆடினதெண்டு."

சொன்ன பிறகுதான் எதை ஒத்துக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. எதிரே இருந்த நாலைந்து பேர் அவருடைய முகத்தையே பார்த்தார்கள். அப்பா குனிந்து அப்பளத்தை நொறுக்கினார். பாயசத்தை இந்தப் பக்கம் ஏன் இன்னும் கொண்டுவரவில்லை என்று சத்தம் போட்டார். அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். என் கணவரோடு அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் முழுவதும் பேசவில்லை.