பாவு போகும் வழியில் ஒரு செண்பகம்

காய்ந்துகொண்டிருக்கும் பாவுக் கஞ்சியின் புளித்த வாசனை... அதற்கு நடுவே திடீரென்று செண்பக வாசனை! எண்பது வருஷம் ஆகியும் மூக்கு மறக்கவில்லை.

ஜலகண்டாபுரத்தில் எங்களுக்குத் தறி. வீட்டுக்குப் பின்னால் நீளமான காலி இடம். நெய்வதற்கு முன் நூலை அங்கேதான் நீட்டிக் கட்டி, அப்பா கஞ்சி தடவிக் காயவைப்பார். அதுதான் பாவு.

சரியாக அந்த வழியில் அம்மா ஒரு செண்பக விதையை ஊன்றியிருந்தார். என் தலைக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. ஒருநாள் கிளை உரசி நாலைந்து இழை அறுந்துபோனது.

"ஆடி முடியற வரைக்கும் பாப்பேன் புள்ள. பூக்கலீன்னா வெட்டிப்போடுவேன்" என்றார் அப்பா, அம்மாவிடம்.

"பாவைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுனா என்னங்க?"

"பாவு நேராத்தான் போகோணும்."

எனக்குப் பத்து வயது. எப்படியாவது பூக்கவைக்க வேண்டுமே... மிஞ்சிய கஞ்சியை யாருக்கும் தெரியாமல் தினமும் வேரில் ஊற்றினேன். நூலுக்கே பலம் தருவது செடிக்குத் தராதா?

இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. அம்மா மண்ணைக் கிளறினார். பசையாக ஒட்டிக்கிடந்தது. நான் விழித்த விழியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, இதுக்கு எதுக்குக் கஞ்சி? தறியில ஏத்தி நெய்யப்போறயா?"

நான் அழுதேன், அவர் சிரித்தார். இருவருமாக மேல்மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினோம். மேலே சருகு மூடி, அளவாகத் தண்ணீர். பிறகு காத்திருந்தோம்...

பின்னாளில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, மெதுவாகப் படிக்கிற பிள்ளையிடம் நான் அவசரப்பட்டபோதெல்லாம் அந்தக் கஞ்சிதான் ஞாபகம் வரும்.

ஆவணி பிறக்க நாலு நாள். காலையில் கஞ்சி தடவிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"என்னமோ வாசம் வருதே..."

ஓடினேன். இலைக்குள் ஒளிந்தபடி ஒரே ஒரு பூ, மஞ்சளாக! கத்தின கத்தலில் தெருவே வந்துவிட்டது.

அப்பா அடுத்த பாவுக்கு ஒரு முனை முளைக்குச்சியைப் பிடுங்கி, நாலடி தள்ளி அடித்தார்.

"ஏனுங்க, பாவு கோணலாப் போகுதே?" என்று கேலி செய்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

"பூக்கற செடிங்க. நாமதான் ஒதுங்கோணும்."

இப்போது சேலத்தில், மாடியில், தொட்டியில் ஒரு செண்பகம் வைத்திருக்கிறேன். ஒட்டுச்செடி. வாங்கிவந்த மாதமே பூத்தது. குதிக்காத குறையாகச் சந்தோஷப்பட்டேன்.

ஆனாலும்... அதற்காக வீட்டில் யாரும் ஓர் அடிகூட ஒதுங்க வேண்டியிருக்கவில்லை.