பிடியரிசி வாங்கிய வெள்ளிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகமாட்டேன். பெரிய துணிப்பையை எடுத்துக்கொண்டு பிடியரிசி வாங்கப் போவேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். வாரம் ஒருநாள் நாங்கள் போய் வாங்கி வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளையார் கோயிலை ஒட்டிய சங்கத்து அறையில் வைத்து, சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு அளந்து கொடுப்போம். எனக்கு விட்டிருந்தது ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடுகள்; எல்லாம் வாடகைக் குடித்தனங்கள்.

கடைசி வீட்டுக்காரி நான் வருவதற்கு முன்பே டப்பாவோடு வாசலில் நிற்பாள். மற்றவர்கள் சில வாரம் மறந்துபோவார்கள், "அடுத்த வாரம் சேத்துத் தாரேன் டீச்சர்" என்பார்கள். இவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவள் புருஷன் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள் என்று தெரியும். வேறு எங்கோ போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தாள். ஒரு திங்கட்கிழமை காலை பிரேயரில் நின்றுகொண்டிருந்த பிள்ளை அப்படியே சரிந்து விழுந்தாள். தூக்கிக்கொண்டு போய் டீச்சர்கள் அறையில் படுக்கவைத்தோம். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

அவள் சுற்றி நின்ற டீச்சர்களைப் பார்த்தாள். எல்லோரும் போனபிறகு திரும்பவும் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டேன் டீச்சர்."

சனி, ஞாயிறு சத்துணவு கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அவள் அம்மா என் பையில் அரிசி போட்டிருந்தாள்.

அன்றைக்கே போனேன். கதவைச் சாத்திவிட்டு, "உங்க பிள்ளை பட்டினி கிடக்கையில எனக்கு எதுக்கும்மா அரிசி போட்டீங்க?" என்று கேட்டேன். சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பைய பேசுங்க டீச்சர். பக்கத்துல கேக்கும். எல்லாரும் வாசல்ல நிக்கையில நான் மட்டும் கதவச் சாத்திக்கிட்டா, இந்த வீட்ல ஒண்ணுமில்லன்னு வளவு பூராத் தெரிஞ்சிரும்லா. அப்புறம் வளவுச் சொந்தக்காரரு எங்கள இங்கன இருக்க விடுவாரா?"

உள்ளே அவள் புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பஞ்சுத்தூசி நெஞ்சில் சேர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எந்த வேலைக்கும் போக முடியாது. அவள் பீடி சுற்றி வருவதில்தான் மூன்று பேரும் உயிர் பிழைத்துக் கிடந்தார்கள்.

அரிசி வாங்குகிறவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் போனபிறகு கடைசியாக வருவாள். அரிசியைப் பையின் அடியில் வைத்து மேலே பீடி இலையைப் பரப்பிக்கொண்டு போவாள். பிள்ளை பிறகு பிரேயரில் விழவில்லை. ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி ஏழெட்டு மாதம் நீடித்தது.

வளவை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார்களாம். ஆவணி முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் போய்விட்டது. இவர்களுக்கு வீடு அமையவில்லை. போன இடத்திலெல்லாம், "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்காரு?" என்றுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அவர் இருமலே பதில் சொல்லிவிடும்.

வளவைக் காலி செய்த அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். கையில் பை இல்லை. நான் அளந்து எடுத்த படியை அவள் கையால் தடுத்தாள்.

"அரிசி வேண்டாம் டீச்சர்."

"ஏன்?"

"எங்கன வச்சுப் பொங்க? குறுக்குத்துறை ஆத்தங்கரை மண்டபத்துல கிடக்கோம். அடுப்பு மூட்டுனா வெரட்டுதாவ. நேத்து அரிசிய ஊற வச்சித் தின்னோம். பிள்ளைக்கு வயித்தால போவுது."

படியிலிருந்த அரிசியைத் திரும்ப மூட்டையில் கொட்டினேன். எங்கள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து, பசித்தவனுக்கு அரிசி கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். அதை வேகவைக்க ஓர் இடம் வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எங்கள் எல்லோருக்கும் அடுப்பு இருந்தது.

சங்கத் தலைவரிடம் போனேன். ஓய்வு பெற்ற தாசில்தார், நல்ல மனிதர். "அண்ணாச்சி, அரிசி மூட்டை கிடக்க அறையில ஒரு ஓரமா அந்தக் குடும்பம் இருந்துக்கிடட்டும். மழை வேற வரப்போவுது" என்றேன்.

அவர் சொன்னார்: "டீச்சரம்மா, இன்னைக்கு ஒரு குடும்பத்த உள்ள விட்டா நாளைக்குப் பத்துக் குடும்பம் வந்து நிக்கும். யாரை வேண்டாம்னு சொல்ல? நம்மால வயித்துக்குத்தான் பாக்க முடியும். கூரைக்கு முடியாது." பிறகு, கிண்டலே இல்லாமல், "உங்க வீட்ல இடம் இருந்தா வச்சிக்கிடுங்களேன்" என்றார்.

எங்கள் வீட்டு மச்சில் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. பழைய பாத்திரமும் கட்டிலும் போட்டிருந்தோம். அன்று ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் சொல்ல வாயெடுத்தேன். இருமல் நோய், நம் சின்னப் பிள்ளைகள், மாமியார் என்ன சொல்வார்கள் என்று எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனேன். அவர் மறுத்திருப்பார் என்றுகூட நான் சொல்ல முடியாது. நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பதிலாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். வாரத்தில் மூன்று நாள் புளிச்சோறோ தயிர்ச்சோறோ மண்டபத்துக்குப் போகும். அவள் வாங்கிக்கொள்வாள். ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை, ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

ஐப்பசி மழையில் ஆற்றில் வெள்ளம் வந்து மண்டபம் மூழ்கியது. அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். நான் தேடிக் கண்டுபிடிப்பதற்கு நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் அவள் புருஷனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. வராந்தாவில் தாயும் மகளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்திலிருந்து ஆள் அனுப்பி அடக்கத்துக்கு எல்லாம் செய்தோம். கோடி வேட்டி, மாலை, வண்டி, ஒன்றும் குறையவில்லை. செத்த பிறகு எங்களால் எல்லாம் முடிந்தது.

"ராதாபுரத்துப் பக்கம் எங்க அண்ணன் இருக்காவ. அங்கன போவுதோம்" என்றாள்.

"பிள்ளையோட டீசியை வாங்கிட்டுப் போங்க. நாளைக்கே எழுதி வாங்கித் தாரேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். டீசி தயாராக இருந்தது. அவர்கள் வரவில்லை. ஆண்டு முடியும்வரை அது அலுவலக மேஜையில் கிடந்தது. பிறகு கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, வளவில் முன்பு இருந்த ஒருத்தி என்னைக் கடைத்தெருவில் பார்த்தாள். வள்ளியூரில் ஒரு காப்பிக்கடையின் பின்பக்கம் அந்த அம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். அண்ணன் வீட்டில் பத்து நாள்கூட வைத்துக்கொள்ளவில்லையாம்.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

"கேட்டேன் டீச்சர். தூரத்துல ஒரு வீட்ல வேலைக்கு விட்டிருக்குன்னா. எந்த ஊருன்னேன். சரியாச் சொல்லத் தெரியலங்கா."

வள்ளியூர் ஒன்றும் தொலைவில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். நான் போகவில்லை.