காணாமல் போன சேசிஸ் நம்பர்

குடவாசல் ஆரோக்கியசாமியிடம் வாங்கிய பழைய லாரியைச் சீராக்கி, பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பொறித்திருக்க வேண்டிய நம்பரையே காணோம்.

"திருட்டு வண்டியா சார்? பறிமுதல் பண்ண வேண்டியிருக்கும்" என்றார் ஆய்வாளர்.

வாங்கிய நாளிலிருந்தே எனக்கு அந்தச் சந்தேகம்தான். ஆரோக்கியசாமியைப் போனில் அழைத்து, திருடன் என்றே சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வந்தவர், குனிந்து சேசிஸைத் தடவினார்.

"துரு எடுக்க கிரைண்டர் போட்டீங்களா சார்?"

"ஆமா. பளபளன்னு இருக்கட்டுமேன்னு நானேதான் போட்டேன்."

"நம்பரையும் சேத்துத் தேய்ச்சிட்டீங்க."

எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக முன்பு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த நம்பர் அச்சை ஆய்வாளரிடம் நீட்டினார். மறுபடி பொறிக்க அனுமதி கிடைத்தது. எனக்கு டீயும் ஆரோக்கியசாமியே வாங்கித் தந்தார்.

அலமாரி நிறையத் துப்பறியும் நாவல் படித்தவன் நான். குற்றவாளி நானாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவேயில்லை.