இலைக்கு ஆகாத எண்ணெய்

ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பி கழுவுவது என்றால், பளபளவென்று இருப்பதையே மறுபடியும் கழுவுவது. வீட்டிலும் வெளியிலும் பாத்திரம் தேய்க்கிற கூட்டாளிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

வறண்ட தலை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அங்கே பாத்திமா மேடம் பழங்கால இலைகளை ஆராய்கிறார்; அவருக்குக் குப்பி கழுவிக் கொடுப்பது நான். பல்லாயிரம் வருசமாகக் களிமண்ணில் அமுங்கிக் கிடந்த இலைகள். இலை மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்குமாம். அன்றைக்கு அது குடித்த மழையின் அடையாளம் அதில் இன்னும் இருக்குமாம்; ஒரு மிஷினில் வைத்தால் அதைச் சொல்லிவிடுமாம். வேறு எண்ணெய்ப் பசை பட்டால் எல்லாம் கெட்டது. அதனால் நான் தலைக்கு எண்ணெய் வைக்கத் தடை.

பரட்டைத் தலையோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்துத் தெரு மாரியம்மா என் கையைப் பிடித்துக் கண் கலங்கிவிட்டாள்: "யக்கா, யாரு போயிட்டாவ? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

முக்கூடல் கிணறு

முக்கூடலில் ஒரு அண்ணாச்சி கிணற்றை ஆழப்படுத்தும்போது கறுப்புக் களிமண்ணில் இலை தெரிந்தது. மறுநாள் சிமெண்ட் உறை இறக்கினால் அந்த மண் மூடிப்போகும். மேடம் அவ்வளவு நாள் தேடினது அதைத்தான். தகவல் வந்ததும் அரக்கப்பரக்க ஓடினோம். மேடம் உள்ளே இறங்கி இலைகளை வெட்டியெடுத்து அலுமினியத் தாளில் சுற்றினார். மழைக் கதையைக் கேட்ட அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார்: "அன்னைக்குப் பெஞ்சது கெடக்கட்டும் தாயி. வார ஐப்பசிக்குப் பெய்யுமான்னு அந்த எலையக் கேட்டுச் சொல்லுதியளா?"

சூடான அன்பு

வெறுங்கையோடு அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கமில்லையே. அண்ணாச்சி எங்களுக்குத் தெரியாமல் பையில் சுடச்சுட அல்வாப் பொட்டலம் வைத்துவிட்டார், இலைகளுக்கு மேலே. பாளை வந்து திறந்தால் தாளெல்லாம் நெய். மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்: "யா அல்லாஹ்! இனி மிஷின் மழையச் சொல்லாது வேலம்மா, நெய்யத்தான் சொல்லும்."

இரண்டாம் தடவை

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டார் மேடம். விடிந்ததும் முதல் பஸ். உறை இறக்க வந்த ஆட்களை அண்ணாச்சி வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, வடையும் டீயுமாகக் கொடுத்து நிறுத்தியிருந்தார். மேடம் மறுபடி இறங்கினார். அண்ணாச்சி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரப்பைத் தாண்டாமல் நின்றார். புறப்படும்போது தூரத்திலிருந்தே வாழையிலையில் மடித்த அல்வாவை நீட்டினார்: "பையில வைக்கல தாயி. வேலம்மா இங்கனயே சாப்பிட்டு, வயித்துல வச்சுக் கொண்டு போவட்டும்."

இலை சுத்தமாக வந்து சேர்ந்தது. பல்லாயிரம் வருசத்துக்கு முந்தின மழையைச் சொல்லப்போகிற அது, நான் என்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது.