மேடையில் நான் போட்ட ‘ஆமா’

மொழிபெயர்க்க மேடையேறி, ஒரு வரிகூட மொழிபெயர்க்காமல் கைதட்டு வாங்கியவள் நான்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு நாட்டுப்புற இசை விழா. அமெரிக்க மலைநாட்டுப் பாடகர் ஒருவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு வந்திருந்தார். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல என்னை மேடையில் நிறுத்தினார்கள். என் மாணவிகளும் வந்திருந்தார்கள்.

பாடகர் வார்த்தைகளை மூக்கால் மென்று நெடுநேரம் பேசிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

“டீச்சர், என்ன சொல்லுதாரு?” என்று கூட்டத்தில் ஒரு குரல். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அடுத்து வில்லுப்பாட்டு. அதைப் பாடவிருந்த செல்லக்கனி அம்மாள் மேடையோரம் நின்றபடி என் நிலைமையைக் கவனித்துவிட்டார். வில்லோடு வந்து உட்கார்ந்தார்.

“அவர வாசிக்கச் சொல்லுங்க டீச்சர். நான் பாடுதேன், நீங்க ஆமா போடுங்க.”

பாஞ்சோ துள்ளியது. செல்லக்கனி அம்மாள் கோலால் வில்லைத் தட்டிப் பாடினார்.

“வண்ணார்பேட்டை பஸ்ஸுல நின்னுகிட்டே வந்தாரு!”

“ஆமா!” என்றேன்.

அடுத்த வரிக்குப் பாடகரும் என்னோடு சேர்ந்து “ஆமா!” போட்டார்.

“அவரு பேசுத இங்கிலீசு டீச்சருக்கே வெளங்கல!”

“ஆமா!” என்று பாடகர் மட்டும் உற்சாகமாகக் கத்தினார். அரங்கமே வெடித்துச் சிரித்தது, என் மாணவிகளும்தான். எனக்கு முகம் எரிந்தது. செல்லக்கனி அம்மாள் கோலை உயர்த்தியபடி எனக்காகக் காத்திருந்தார். அவர் கண்ணில் குறும்பு இருந்தது, ஏளனம் இல்லை.

“ஆமா!” என்றேன், பாடகரைவிட உரக்க. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மறுநாள் வகுப்பில் நான் பாடத்தை முடித்ததும் ஒருத்தி எழுந்து, “வெளங்கல டீச்சர்” என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் நன்றாக நடத்துவதால்தான் என்று நினைத்திருந்தேன்.