மாமாவின் விளக்குமாற்று மரம்

ஓசூரில் அத்தை வீட்டில் தங்கி நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், அந்த வீட்டில் மொத்தம் ஐந்து ஜீவன்கள். அத்தை, நான், இரண்டு பசுக்கள், ஒரு புளியமரம். சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினால் ஆறு. இதில் எல்லோரையும்விட நன்றாகக் கவனிக்கப்பட்டது புளியமரம்தான். அதன் உயரம் என் முழங்கை அளவுதான் இருக்கும்.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். அங்கே பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்று அப்பா என்னைத் தன் அக்காவிடம் கொண்டுவந்து விட்டார். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் அங்கேயே நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு வருவார்.

மாமா பட்டாளத்தில் இருந்தவர். பெரிய சண்டை முடிந்த பிறகு அவருடைய படையை ஜப்பானுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஒரு வருஷம் அங்கே இருந்தார். சண்டையைப் பற்றியோ, இடிந்துகிடந்த ஊர்களைப் பற்றியோ அவர் பேசி நான் கேட்டதில்லை. பேசியதெல்லாம் ஒரு வீட்டு முற்றத்தில் பார்த்த மரத்தைப் பற்றி. தாம்பாளம் போன்ற தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு நேரான அடிமரம். அதன் உச்சியில் ஒரே இடத்திலிருந்து எல்லாக் கிளைகளும் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, கடைசியில் மயிர் போன்ற நூற்றுக்கணக்கான குச்சிகளாக விசிறிபோல விரிந்திருந்ததாம்.

"வெளக்குமாத்தத் தலைகீழா நிக்க வெச்ச மாதிரி இருக்கும்" என்பார் மாமா.

"வெளக்குமாறு வேணும்னா அதா, கதவு மூலையில நிக்குது" என்று அத்தை ஆரம்பத்தில் சொன்னாளாம். துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்துவது வீட்டுக்கு ஆகாது என்றும் சொன்னாளாம். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் அதையெல்லாம் சொல்வதை விட்டுவிட்டிருந்தாள்.

அதே மாதிரி ஒன்றை உண்டாக்கத்தான் எங்கள் புளியமரத்தை மாமா விதைபோட்டு முளைக்க வைத்தார். இரண்டு வருஷம் தாராளமாக வளரவிட்டு, அடிமரம் கட்டைவிரலைவிடப் பருத்ததும், ஒரு சாண் உயரத்தில் ரம்பத்தால் மட்டமாக அறுத்துவிட்டார். வெட்டின இடத்தைச் சுற்றிலும் துளிர்கள் கிளம்பின. சம இடைவெளியில் ஆறை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி எறிந்தார். அந்த ஆறும் இரண்டு மூன்று இணுக்கு விட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மழைக்காலத்தில் இன்று கிள்ளினால் நாளை மறுநாள் வேறொரு நுனி நீண்டுகொண்டிருக்கும். ஒன்றை விட்டுவிட்டாலும் அது மற்றவற்றின் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மேலே ஓடிவிடும். விசிறியில் ஒரு பக்கம் துருத்திவிடும்.

மாமா வருவது வாரத்துக்கு ஒரு நாள். நுனிகளோ தினமும் வளர்ந்தன. ஆகவே கிள்ளுவது அத்தை. காலையும் மாலையும் தண்ணீர் விடுவது அத்தை. வெயில் ஏறினால் தொட்டியைத் தூக்கி நிழலில் வைப்பதும், கல்மழைக்கு உள்ளே கொண்டுவருவதும் அத்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா குளித்துவிட்டு, நகவெட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு பலகையில் உட்காருவார். தெருவில் போகிற தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பெங்களூரிலிருந்து கூடவே வந்த சிநேகிதர்கள் எல்லோரும் பார்க்க வருவார்கள். "ஆறு வருஷ உழைப்புங்க" என்று மாமா சொல்லும்போது, அத்தை அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைப்பாள்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரல்கூட உயராது. எனக்கு ஒவ்வொரு வாரமும் பெங்களூர் பிஸ்கட் வாங்கிவருவார். அத்தைதான் அவரைவிட வயதானவள்போலத் தெரிவாள். நட்சத்திரம் மறையும் முன்பே எழுந்து பால் கறந்து, ஏழெட்டு வீட்டுக்கு ஊற்றிவிட்டு வந்து, சாணி அள்ளி, புல் அறுத்து, எனக்குச் சோறு கட்டி, பிறகு அந்த நுனிகளுக்கு வருவாள். கிள்ளிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். நான் "அத்தை" என்று கூப்பிட்டால், "தூங்கல கண்ணு, தூசி விழுந்துடுச்சு" என்பாள்.

ஆறு வருஷமாக அவள் வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. மாடுகள் பெரிய தடையாக இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, "மாட்ட நான் கறந்துக்கறேன், போயிட்டு வாம்மா. ஆனா அந்தக் குச்சிக்கு மட்டும் நான் பொறுப்பில்ல. பட்டுப்போச்சுன்னா உங்க ஊட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?" என்று எப்போதோ தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் பெங்களூர்ப் பூக்காட்சியில் மரத்தை வைப்பதென்று மாமா முடிவு செய்திருந்தார். தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். அதற்காகப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தைத் தொட்டியிலிருந்து பெயர்த்து, வேரைக் கத்தரித்து, புது மண் போட்டு நட்டார். மிச்சமிருந்த இலைகளையெல்லாம் உருவினார். கிளைகள் பிரிகிற இடம் முண்டுகட்டாமல் இருக்க, எல்லாக் கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பருத்தி நூலால் சுற்றிக் கட்டினார். இப்போது அது மெய்யாகவே விளக்குமாறாகிவிட்டது. "வேர் வெட்டியிருக்குது. இந்த ஒரு மாசம் மண்ணு காயவே கூடாது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினார்.

அன்று மத்தியானமே எங்கள் ஊரிலிருந்து ஆள் வந்தது. அம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஆண் குழந்தை, ஒத்தாசைக்கு ஆள் இல்லை, அக்கா மூன்று நாளைக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

அத்தை தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, காலைல ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. வேற ஒண்ணும் செய்ய வேணாம். செய்வியா?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் யாராவது நம்மை நம்பிவிட்டால் உடம்பே ஓர் அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கும். செய்வேன் என்றேன்.

அன்று சாயங்காலம் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் ஊற்றினேன். அன்று, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மலைக்கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கடைகள் வந்துவிட்டன. சாப்பாடும் படுக்கையும் தெலுங்குக்காரம்மா வீட்டில். அவர் மகளும் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைத்தெருவுக்கு ஓடினோம். கண்ணாடி வளையல், பொரி, ராட்டினம், கர்நாடகத்துப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திறங்கிய ஜனங்கள். மரம் இருந்தது எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லின் மேல். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை வந்திருக்க வேண்டிய அத்தையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருந்தது. ஒரு செம்பு ஊற்றினேன். நிற்காமல் அடியில் ஓடிவிட்டது. பத்துச் செம்பு ஊற்றினேன். மரத்திடம் எந்த மாறுதலும் இல்லை. இலை இருந்திருந்தால் வாடியிருக்கும், உதிர்ந்திருக்கும், ஏதாவது சொல்லியிருக்கும். கட்டிவைத்த குச்சிகளைப் பார்த்து உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், மாமாவின் பஸ்ஸுக்குச் சற்று முன்னால் அத்தை வந்து சேர்ந்தாள். முகம் கொஞ்சம் உப்பி, வேறு யாரோ போலத் தெளிவாக இருந்தாள். முந்தானையில் மாவடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதை வைத்துவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனாள். மண்ணைத் தொட்டாள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து வைத்தாள்.

"தண்ணி ஊத்துனியா பாப்பா?"

"ஊத்துனேன் அத்தை."

"ம்" என்றாள்.

மாமா வந்து மண்ணில் விரல் வைத்துப் பார்த்தார். ஈரம். திருப்தியாகத் தலையாட்டினார். "இன்னும் மூணு வாரத்துல துளிரு கெளம்பும் பாரு" என்றார்.

ஞாயிறு கழிந்து மாமா போனதும், "இனிமே நீயே ஊத்து கண்ணு" என்று அத்தை செம்பை என் கையில் கொடுத்துவிட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. ஒரு வேளைகூடத் தவறாமல் ஊற்றினேன். கோயில் பக்கம் போனால் மரத்துக்காகத்தான் கும்பிட்டேன். அத்தையோ அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. கிள்ளுவதற்கும் ஒன்றுமில்லை. மத்தியானத்தில் சமையலறை வாசற்படியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். தம்பியைப் பார்க்கவென்று நடுவில் இரண்டு தடவை வேப்பனப்பள்ளிக்குப் போய் இரண்டிரண்டு நாள் தங்கிவிட்டும் வந்தாள்.

மூன்று வாரம் ஆயிற்று. துளிர் இல்லை. மாமா, "வேர் பிடிக்க நேரமாகும்" என்றார். நான்கு வாரம் ஆயிற்று. பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று மாமாவே எப்போதோ சொல்லியிருந்தார். யாருமில்லாத நேரத்தில் அடிமரத்தின் பின்பக்கம் கீறுவதற்குக் குனிந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. புதிதல்ல, ஓரமெல்லாம் உலர்ந்த பழைய கீறல். உள்ளே மாட்டுக்கொம்பு நிறம். பூனை கீறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பக்கத்தில் ஒன்று கீறினேன். அதே நிறம்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை மாமா நூலை அவிழ்த்தார். கிளைகள் விரியவில்லை. விரல் பட்ட ஒன்று, காய்ந்த கொத்தமல்லிக் காம்புபோல ஓசையில்லாமல் ஒடிந்து அவர் மடியில் விழுந்தது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் விழுந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

மாமா என்னைத்தான் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து அத்தை சொன்னாள்.

"நாந்தாங்க. நீங்க வேர் வெட்டுன வாரமே போயிடுச்சு. புள்ள பொறந்துச்சுன்னு ஆள் வந்ததும் வெயில்லயே வெச்சுட்டு ஓடிட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

மாமா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் ஒடிந்த குச்சிகளை ஒன்று ஒன்றாகப் பொறுக்கி மடியில் அடுக்கினார்.

"ஆறு வருசம்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அத்தை. "ஆறு வருசம்."

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் ஒரே துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா திங்கட்கிழமை வரை இருக்கவில்லை. அன்று சாயங்காலமே பெங்களூருக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவும் இல்லை. அவர் கோபத்தில் இனி வரவே மாட்டாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அத்தை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்து லீவு விட்டார்கள். தம்பியைத் தொட்டிலில் போடுகிறார்கள், மாங்காயும் இறங்குகிற நேரம், ஒரு மாதம் நாம் இருவரும் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்றாள். மாட்டுக்கு ஏற்பாடு செய்தாள். பெரிய துணிப்பையில் நாலு புடவையை மடித்து வைத்தாள். அவ்வளவு புடவையை அவள் ஒன்றாக எடுத்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் புறப்படுவதாக இருந்த சனிக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக மத்தியான பஸ்ஸிலேயே மாமா வந்துவிட்டார். கையில் ஈரச்சாக்கு. முகமெல்லாம் சிரிப்பு. சாக்கைப் பிரித்தார். உள்ளே விரல் பருமனுக்கு மூன்று புளியங்கன்றுகள்.

"உம்மேல தப்பில்ல புள்ள. ஒத்த மரத்த நம்புனேன் பாரு, அது என் தப்பு. இந்தத் தடவ மூணு. ஒண்ணு போனாலும் ரெண்டு நிக்கும்."

நான் துள்ளிக் குதித்தேன். ஆறு வாரமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. மாமா மன்னித்துவிட்டார், மரத்துக்குப் பதில் மூன்று மரம் வந்துவிட்டது, அத்தைக்கும் நல்லதாகப் போயிற்று. யாரும் சொல்லாமலே ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அத்தை பையைத் திறந்து புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பஸ்ஸுக்கு நேரமாச்சே" என்று ஞாபகப்படுத்தினேன்.

"நீ போயிட்டு வா கண்ணு. மாமா ஏத்தி உடுவாரு."

சூளகிரி வழியாகப் போகிற பஸ்ஸில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் மாமா என்னை உட்கார வைத்தார். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஊரில் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, அத்தை ஏன் வரவில்லை என்று கேட்டாள். மாமா மூன்று மரம் வாங்கிக்கொடுத்திருக்கிறார், அதனால் வரவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

அம்மா தம்பியை மடியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தினாள். பிறகு, "இவன் பொறந்தப்ப ஒத்தாசைக்குன்னு வந்தா" என்றாள். "வந்து படுத்தவ ரெண்டு நாள் எந்திரிக்கல. நாந்தான் எழுப்பி எழுப்பிச் சோறு போட்டேன். புள்ளையப் பெத்தது நானா அவளான்னே தெரியல."

பிள்ளை பெற்றவள் எழுந்து, ஒத்தாசைக்கு வந்தவளுக்குச் சோறு போட்டதை நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவும் சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் எதற்காக அப்படிப் பார்க்கிறாள் என்பது புரியாமல், நான் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.